ரீகமிட்: எங்கே சொல்லலாம், எங்கே சொல்லக் கூடாது

‘கமிட்’ என்ற சொல்லைக் கேட்டறியாத தமிழர் இன்று அநேகமாக இல்லை. சினிமாச் செய்தியில் ஒரு நடிகர் புதிய படத்தில் கமிட் ஆகிறார். கல்லூரிப் பிள்ளைகள் நடுவே ‘அவன் கமிட்டட்’ என்றால் அவனுக்குக் காதலி இருக்கிறாள் என்று பொருள். தண்டையார்பேட்டையில் ஒரு குடும்பத் தலைவரிடம் போய், தீபாவளிச் சீட்டில் சேர்கிறீர்களா என்று கேட்டுப் பாருங்கள். “இந்த வருடம் வேண்டாம், கமிட்மெண்ட் அதிகம்” என்பார். வீட்டு வாடகை, பிள்ளையின் பள்ளிக் கட்டணம், வண்டித் தவணை, அடகில் இருக்கும் சங்கிலி எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடும். மூன்று இடங்களிலும் உள்ளே ஓடுவது ஒன்றுதான்: வாக்குக் கொடுத்தாகிவிட்டது, இனி எளிதில் பின்வாங்க முடியாது.

இதற்கு முன்னால் ‘ரீ’ சேர்ந்தால் ரீகமிட். மறுபடி கமிட் ஆவது, அவ்வளவுதானே என்று கடந்துவிடத் தோன்றும். அகராதியும் ஏறக்குறைய அப்படித்தான் சொல்கிறது. ஆனால் புதுவண்ணாரப்பேட்டையில் மாலை வகுப்பு எடுக்கும் எனக்கு, மாணவர்கள் எழுதிக்கொண்டுவரும் ஆங்கிலக் கடிதங்களில் இந்தச் சொல் பொருந்தாத இடத்தில் உட்கார்ந்திருப்பது அடிக்கடி கண்ணில் படுகிறது. வேலைக்கு விண்ணப்பிக்கும் கடிதத்தில், இன்னும் வாசலைக்கூட மிதிக்காத நிறுவனத்தின் வளர்ச்சிக்குத் தம்மை ‘ரீகமிட்’ செய்துகொள்கிறார்கள். எங்கோ இணையத்தில் கிடைத்த மாதிரிக் கடிதத்திலிருந்து எடுத்தது. இலக்கணம் சரி, எழுத்தும் சரி, பொருள்தான் உதைக்கிறது. முன்பு கமிட் ஆகாதவர் எப்படி ரீகமிட் ஆவார்?

இந்த வினைச்சொல் சரியாக நிற்க, பேசுபவர் வாழ்க்கையில் வழக்கமாக மூன்று நடந்திருக்கும். முன்பு ஒருமுறை வாக்குக் கொடுத்திருப்பார். நடுவே பிடி தளர்ந்திருக்கும். இப்போது அதே வாக்கை, அதே பொருளுக்காக, மறுபடி கையில் எடுக்கிறார். முதலாவதும் மூன்றாவதும் சொல்லின் மேலேயே தெரிகின்றன. நடுவில் இருப்பது தெரிவதில்லை. யார் தளர்ந்தார், எத்தனை நாள் தளர்ந்தார், ஏன் தளர்ந்தார் என்பதையெல்லாம் ரீகமிட் வாய் திறந்து சொல்லாது. ஆனால் கேட்பவருக்கு அங்கே ஓர் இடைவெளி இருப்பது புரிந்துவிடும். இந்த ஊமை இடைவெளிதான் இந்தச் சொல்லின் முழுச் சுவையும், முழு ஆபத்தும்.

புதுவண்ணாரப்பேட்டையைச் சேர்ந்த காசிமா 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றார். சிறு வயது முதல் ஆடிவருபவர். அவரைப் பற்றி எழுதும்போது ஆட்டத்துக்குக் ‘கமிட்டட்’ என்று எழுதலாம், அழகாகப் பொருந்தும். அதையே ‘ரீகமிட்டட்’ என்று எழுதிவிட்டால், பாராட்ட வந்த வாக்கியம், நடுவில் ஆட்டத்தைக் கைவிட்டிருந்தார் என்று இல்லாத குறையைச் சொல்வதாகிவிடும். மாறாக, குத்துச்சண்டை பழகிவந்த ஒரு பையன் மணிக்கட்டு முறிந்து, மனமும் விட்டுப்போய், ஓராண்டு மைதானத்துப் பக்கமே எட்டிப் பார்க்காமல் இருந்து, பிறகு விடியற்காலையில் கையில் துணி சுற்றிக்கொண்டு வந்து நிற்கிறான் என்றால், அவனுக்கு இதைவிடப் பொருத்தமான ஆங்கில வினை கிடைக்காது.

திருவொற்றியூர்ச் சத்தியம்

வாக்குக் கொடுப்பதும் மீறுவதும் வடசென்னையில் ஒரு கோயில் திருவிழாவாகவே நடக்கிறது. திருவொற்றியூர்த் தியாகராசர் கோயிலில் மாசி மாதம் மகிழடி சேவை. சுந்தரர் சங்கிலியாரை மணந்த கதை அதற்குப் பின்னால் இருக்கிறது. சங்கிலியாரைக் கண்டு மனம் பறிகொடுத்த சுந்தரர், மணத்தை முடித்துத் தரும்படி சிவனிடமே தூது வேண்டுகிறார். பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்தால்தான் உண்டு என்பது ஏற்பாடு. சுந்தரருக்கோ திருவாரூரில் முதல் மனைவி பரவையார் இருக்கிறார், பல ஊர்க் கோயில்களுக்கும் போக வேண்டும். ஆகவே ஒரு தந்திரம் செய்கிறார். சன்னிதியில் சத்தியம் செய்யும் நேரத்தில் நீர் மகிழ மரத்தடியில் போய் இருந்துகொள்ளும் என்று சிவனைக் கேட்டுக்கொள்கிறார். சாமி இல்லாத இடத்தில் செய்த சத்தியம் பிடிக்காது என்ற கணக்கு. சிவனோ சங்கிலியாரின் கனவில் வந்து, சத்தியத்தை மகிழ மரத்தடியில் வாங்கிக்கொள் என்று சொல்லிவிடுகிறார். சுந்தரர் வசமாக மாட்டிக்கொள்கிறார். வசந்த காலம் வருகிறது, ஆரூர்த் திருவிழா நினைவுக்கு வருகிறது, கிளம்பிவிடுகிறார். ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்களும் பார்வை இழக்கின்றன.

மரத்தடியில் நடந்ததற்கு ஆங்கிலத்தில் கமிட் என்று தாராளமாகச் சொல்லலாம். எல்லை தாண்டியது வாக்கை மீறியது. அந்த எல்லையில் அவர் தடவித் தடவித் திரும்பி, சங்கிலியாரிடம் வந்து, ‘இனிப் பிரியேன்’ என்று மறுபடி சொல்லியிருந்தால் அதுதான் ரீகமிட். அவர் அப்படித் திரும்பவில்லை, முன்னால்தான் போனார். காஞ்சிபுரத்தில் ஒரு கண், திருவாரூரில் மற்றொரு கண் என்று பாடிப் பாடிப் பார்வையைத் திரும்பப் பெற்றார். பார்வை மீண்டதற்கு ரீகமிட் பொருந்தாது, அங்கே திரும்பி வந்தது கண்தானே. ஆனால் ஆரூரில் பரவையார் கதவைத் திறக்க மறுக்க, சிவனே இரண்டுமுறை தூது நடந்து சமாதானம் செய்துவைத்தாரே, அந்த வாசலில் இந்த வினைக்கு இடம் உண்டு. பழைய உறவு, நடுவில் ஒரு பிரிவு, மறுபடி கைப்பிடிப்பு. ஒரே மனிதர், இரண்டு ஊர்கள். ஓர் ஊரில் இந்தச் சொல் செல்லும், இன்னோர் ஊரில் செல்லாது.

என் வகுப்பில் இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம், சன்னிதி தந்திரத்துக்கு ஆங்கிலத்தில் என்ன சொல் என்று யாராவது கேட்பார்கள். அதற்கு லூப்ஹோல் என்ற சொல் இருக்கிறது, விதியில் நழுவ விட்ட ஓட்டை. அது வேறு பாடம்.

கடலுக்குத் திரும்புவது எந்த வினை?

‘ரீ’ என்று தொடங்கும் ஆங்கில வினைகள் ஒரு தெருவே இருக்கின்றன. முகம் ஒன்றுபோலத் தெரிவதால் ஆள் மாறிப்போகிறது. வடசென்னையில் இருப்பவருக்கு இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ள நல்ல உதாரணம் காசிமேட்டில் ஆண்டுதோறும் நடக்கிறது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன்கள் இனம் பெருக்கும் காலம் என்று அரசு விதிக்கும் தடை. முன்பு இது 45 நாள்களாக இருந்தது. படகைக் கரையேற்றிப் பழுது பார்ப்பார்கள், வண்ணம் பூசுவார்கள், வலை பின்னுவார்கள். தடை முடிந்ததும் படகுகள் புறப்படுகின்றன. மீனவர் மறுபடி தொழிலுக்குப் போகிறார். இது ரீகமிட்டா? இல்லை. அவர் தொழிலின் மேல் வைத்த பிடி ஒரு நாளும் தளரவில்லை. தடை வெளியிலிருந்து வந்தது, அது விலகியதும் வேலை விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. இதற்கு உரிய ஆங்கில வினை ரிஸ்யூம். நின்றது வேலை மட்டும் என்றால் ரிஸ்யூம், மனமும் நின்றுபோய் மீண்டிருந்தால் ரீகமிட். கடன் தொல்லையில் படகை விற்றுவிட்டு மூன்று ஆண்டு காவலாளி வேலை பார்த்தவர், ‘எனக்குக் கடல்தான்’ என்று முடிவெடுத்து வேறு படகில் பங்கு போட்டுத் திரும்பினால், அப்போது சொல்லுங்கள் ரீகமிட் என்று.

இந்த வேறுபாடு வெறும் இலக்கண நுணுக்கம் என்று நினைக்க வேண்டாம். சில இடங்களில் இது யார் பக்கம் நிற்கிறோம் என்பதையே காட்டிவிடும். 1918 ஏப்ரலில் பெரம்பூரில், பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களிடையே சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் முன்னின்ற அந்தச் சங்கத்தை இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்பார்கள். அந்த ஆலையும் 1996இல் மூடப்பட்டுவிட்டது. வேலைநிறுத்தம் முடிந்து ஆலைக்குள் திரும்பும் தொழிலாளியைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதும்போது ‘வேலையை ரிஸ்யூம் செய்தார்’ என்றால் நடந்ததைச் சொல்கிறோம். ‘வேலைக்கு ரீகமிட் ஆனார்’ என்றால், போராடிய நாள்களில் அவருக்குப் பொறுப்பில்லாமல் போயிருந்தது, இப்போது புத்தி வந்திருக்கிறது என்று ஆகும். அது நிர்வாகம் எழுதும் வாக்கியம். கூலிக்காக வெளியே நின்றவர் வேலையின் மேல் பற்று இல்லாமல் நிற்கவில்லை.

அடுத்தது ரிநியூ, ரிடீம் இரண்டும். இவற்றைப் புரிந்துகொள்ள அடகுக் கடைப் படியேறினால் போதும். தவணைக் காலம் முடிந்ததும் வட்டியைக் கட்டி, அதே நகையைப் புதுச் சீட்டில் மறு அடகு வைக்கிறோம். யாரும் தவறவில்லை, காலம் முடிந்தது, நீட்டிக்கிறோம். அது ரிநியூ. அசலும் வட்டியும் கட்டி நகையைத் திருப்பிவிட்டால் ரிடீம். கொடுத்த வாக்கை நிறைவேற்றி அதிலிருந்து விடுபடுவதற்கும் ஆங்கிலத்தில் இதே ரிடீம்தான். 1947 ஆகஸ்ட் 14 இரவு அரசியல் நிர்ணய சபையில் நேரு பேசியபோது, நெடுங்காலம் முன்பு விதியோடு செய்துகொண்ட உடன்பாட்டைக் குறிப்பிட்டு, அந்த உறுதியை மீட்கும் வேளை வந்துவிட்டது என்ற இடத்தில் பயன்படுத்திய வினை ரிடீம். அவர் அங்கே ரீகமிட் என்று சொல்லியிருந்தால், நடுவில் விடுதலை வேட்கை தளர்ந்து கிடந்தது என்று பொருள்பட்டிருக்கும். சொல் தேர்வில் அவர் கெட்டிக்காரர்.

ரிநியூவுக்கு இன்னோர் இடமும் நம் பகுதியில் உண்டு. ஈஸ்டருக்கு முந்தைய இரவுத் திருவழிபாட்டில், ராயபுரத்திலும் எண்ணூரிலும் உள்ள கத்தோலிக்க ஆலயங்களில் மக்கள் எரியும் மெழுகுவத்தியோடு நின்று திருமுழுக்கு வாக்குறுதிகளைப் புதுப்பிக்கிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை எல்லோரும் செய்வது, பாவியும் புண்ணியவானும் சேர்ந்தே செய்வது. ஆங்கில வழிபாட்டிலும் அதற்கு ரிநியூ என்ற சொல்தான். அறுபதாம் கல்யாணமும் அப்படியே. அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாண அழைப்பிதழை ஆங்கிலத்தில் அச்சிடும்போது ‘ரிநியூ’ என்று போட்டால் மங்கலம். ‘ரீகமிட்’ என்று போட்டுப் பாருங்கள், வந்தவர்கள் சாப்பாட்டுப் பந்தியில் பாதி நேரம் அந்த இருவருக்கும் நடுவில் என்ன நடந்தது என்றுதான் பேசிக்கொண்டிருப்பார்கள்.

ரீஜாயின் என்றால் திரும்பச் சேர்வது. இது வெளிச் செயல், கையெழுத்துப் போட்டால் முடிந்தது. அமெரிக்கா 2020 நவம்பரில் பாரிஸ் காலநிலை ஒப்பந்தத்திலிருந்து முறைப்படி வெளியேறியது, 2021 பிப்ரவரியில் திரும்பச் சேர்ந்தது, 2025 ஜனவரியில் மறுபடி விலகும் ஆணை பிறந்தது. சேர்ந்ததற்கு ரீஜாயின். அந்த ஒப்பந்தத்தின் குறிக்கோளை மனதார மறுபடி ஏற்பதற்கு ரீகமிட். முதலாவது நடந்ததா என்பதைத் தேதி பார்த்துச் சொல்லிவிடலாம். இரண்டாவதைச் சொல்ல ஆண்டுகள் ஆகும். ரீஅஃபர்ம் என்பது முன்பு சொன்னதை இன்றும் சொல்கிறேன் என்று உறுதிப்படுத்துவது, தளர்ச்சி இருந்திருக்கத் தேவையில்லை. ரீடெடிகேட் என்றால் மறுபடி அர்ப்பணிப்பது, மேடைக்கும் நினைவு நாளுக்கும் உரிய பெரிய சொல், பரீட்சைக்குப் படிப்பதற்கு அதைப் போட்டால் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு தண்ணீர்க் குழாயடிக்குப் போனதுபோல் இருக்கும்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ரீகமிட் என்ற இடத்திலெல்லாம் தளர்ச்சி இருந்தே தீர வேண்டும் என்று விதி கிடையாது. நாடுகளின் தலைவர்கள் கூட்டம் முடிந்து விடும் அறிக்கையில், ஒரு குறையும் இல்லாதபோதும் இந்த வினை வரும், வெறும் ரிநியூ என்ற பொருளில். ஆனால் நம்மைப் போன்றவர்கள் ஒரு கடிதத்தில் எழுதும்போது, படிப்பவர் முதலில் அந்த இடைவெளியைத்தான் தேடுவார்.

மெமோவுக்குப் பதில் எழுதும்போது

அதனால்தான் அலுவலக மெமோவுக்கு எழுதும் பதிலில் இந்தச் சொல்லைக் கொஞ்சம் யோசித்துப் போடச் சொல்கிறேன். தொடர்ந்து தாமதமாக வந்ததற்கு விளக்கம் கேட்டு ஒருவருக்கு மெமோ வருகிறது. உண்மையிலேயே தாமதமாகத்தான் வந்திருக்கிறார், ஒத்துக்கொண்டு சரிசெய்ய நினைக்கிறார். அப்படியானால் நேரம் தவறாமைக்கு ‘ரீகமிட்’ ஆகிறேன் என்று எழுதுவது கண்ணியமானது. குற்றத்தை நீட்டி முழக்காமல் ஏற்றுக்கொண்டு, மேலே நடக்க வேண்டியதைச் சொல்கிறது. ஆனால் மெமோவே தவறு, அன்று மழையில் வியாசர்பாடி சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்று பஸ் வரவில்லை, அதற்கு முன் ஒரு நாளும் தாமதமில்லை என்றால், அதே வாக்கியம் உங்கள் காலை வாரிவிடும். நீங்கள் மறுக்க நினைத்த தவற்றை உங்கள் கையாலேயே ஒப்புக்கொண்டதாகக் கோப்பில் இருக்கும். அங்கே ‘ஐ ரிமெயின் கமிட்டட்’ என்று எழுதுங்கள். அன்றும் உறுதியோடு இருந்தேன், இன்றும் இருக்கிறேன் என்று பொருள். ‘ரிமெயின்’ இடைவெளியை அடைத்துவிடும், ‘ரீகமிட்’ அதைத் திறந்துவைக்கும்.

இதையே மறுபக்கத்திலிருந்து பார்த்தால், அறிக்கை படிக்கும் கலை வந்துவிடும். எண்ணூர்க்காரர்களுக்கு இது மிகவும் தேவை. 2017 ஜனவரி 28 அன்று காமராசர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையொதுங்கியது, ஆட்கள் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் கழிமுகம் முழுவதும் படிந்தது. அதே மாதம் 26ஆம் தேதி இரவு, கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து பெரியகுப்பம் மக்கள் மூச்சுத் திணறி வீட்டைவிட்டு ஓடினார்கள். இப்படிப்பட்ட நிகழ்வுகளுக்குப் பிறகு உலகெங்கும் நிறுவனங்கள் வெளியிடும் ஆங்கில அறிக்கைகளில் ரீகமிட்டுக்குத் தனி நாற்காலி உண்டு. பாதுகாப்புக்கு, சுற்றுச்சூழலுக்கு, மக்களுக்கு என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். மன்னிப்புக் கேட்டால் பிழையை ஒத்துக்கொண்டதாகும், இழப்பீட்டுக்கு வழி திறக்கும். ரீகமிட்டில் அந்தத் தொல்லை இல்லை. பிழை நடந்ததுபோலவும் இருக்கும், நடக்காததுபோலவும் இருக்கும்.

அப்படி ஒரு வாக்கியத்தைப் படிக்கும்போது நான் மாணவர்களைக் கேட்கச் சொல்வது இது: முதல் வாக்கு எது, எப்போது கொடுத்தார்கள்? நடுவில் என்ன நடந்தது? இந்தச் சொல்லுக்குப் பிறகு ஒரு தேதியோ தொகையோ வருகிறதா? வந்தால் மேலே படிக்கலாம். வராவிட்டால் அது வினைச்சொல் வேடம் போட்ட பெயரடை.

அனுப்பி ஒப்படைப்பது

இத்தனை நேரம் மனிதர்களின் வாக்கைப் பற்றியே பேசினோம். இந்த வினைக்கு வேறொரு தொழிலும் உண்டு, அதைப் புரிந்துகொள்ள வேரைத் தோண்ட வேண்டும். லத்தீனில் ‘மித்தெரே’ என்றால் அனுப்புதல். மிஷன், மிசைல், அட்மிட், பெர்மிட், டிரான்ஸ்மிட் எல்லாம் அந்த வேரில் பிறந்தவை. அதனோடு சேர்தலைக் குறிக்கும் ‘கோம்’ கூடினால் ‘கொம்மித்தெரே’, ஒன்றை ஒருவரிடம் ஒப்படைத்தல். கமிட்டி என்றால் ஒரு வேலை ஒப்படைக்கப்பட்டவர்கள்.

ஜார்ஜ் டவுன் நீதிமன்ற வளாகத்தில் இந்த ஒப்படைப்பை நேரில் பார்க்கலாம். கொலை போன்ற வழக்குகளில் குற்றவியல் நடுவர் தீர்ப்புச் சொல்வதில்லை, வழக்கைச் செஷன்ஸ் நீதிமன்றத்துக்கு அனுப்பிவைக்கிறார். சட்ட ஆங்கிலத்தில் அதற்குக் கமிட்டல் என்று பெயர். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 209ஆம் பிரிவு, 2024 ஜூலையில் நடப்புக்கு வந்த புதிய சட்டத்தில் 232ஆம் பிரிவு. ஒருவரைச் சிறைக்கு அனுப்புவதற்கும் கமிட் பொருந்தும். வெளியே விடப்பட்டவரை நிபந்தனை மீறியதற்காக மறுபடி சிறைக்கு அனுப்பினால், அமெரிக்கச் சட்ட ஆங்கிலத்தில் அவர் ‘ரீகமிட்டட்’. புழல் சிறை வாசலில் நாம் அன்றாடம் கேட்பது வேறு சொல், ரிமாண்ட். அது விசாரணை முடியும்வரை காவலில் வைப்பது. குழப்பிக்கொள்ள வேண்டாம். குற்றம் செய்வதற்கும் கமிட் என்ற வினை இருப்பதால், அதே குற்றத்தை மறுபடி செய்தவரை ரீகமிட் செய்தார் என்று சிலர் எழுதுகிறார்கள். ஆங்கிலக் காதுக்கு அது ஒட்டாது. ரீஅஃபெண்ட் என்றோ, ‘கமிட்டட் அகெய்ன்’ என்றோ எழுதலாம்.

நாடாளுமன்றத்தில் இந்த வினைக்கு மரியாதை அதிகம். ஒரு மசோதாவைத் தெரிவுக்குழு ஆராய்ந்து அறிக்கையோடு சபைக்கு அனுப்புகிறது. சபைக்கு அது போதவில்லை என்றால், மறுபடி குழுவுக்கே திருப்பி அனுப்பலாம். அதற்குரிய வினை ரீகமிட், நம் மக்களவை நடைமுறை விதிகளிலும் இருக்கிறது. அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் ‘மோஷன் டு ரீகமிட்’ என்பது மசோதாவின் இறுதி வாக்கெடுப்புக்குச் சற்று முன்னால் எதிர்க்கட்சிக்குக் கிடைக்கும் கடைசி வாய்ப்பு. இங்கே யாரும் மனம் தளரவும் இல்லை, உறுதி ஏற்கவும் இல்லை. காகிதம் திரும்பிப் போகிறது, அவ்வளவுதான். மென்பொருள் எழுதுபவர்கள் நிரலில் செய்த மாற்றத்தைப் பதிவுசெய்வதைக் கமிட் என்பார்கள், திருத்தி மறுபடி பதிந்தால் ரீகமிட். அதிலும் மனச்சாட்சிக்கு வேலையில்லை.

தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்டால், ஒரே சொல்லைக் கொடுத்து அனுப்ப எனக்கு விருப்பமில்லை. மசோதா என்றால் ‘குழுவுக்குத் திருப்பி அனுப்பினார்கள்’. கட்சித் தீர்மானம் என்றால் ‘மீண்டும் உறுதி ஏற்கிறோம்’. மனிதர் தன்னையே கொடுப்பதாக இருந்தால், ராயபுரத்து ஆலயங்களில் புழங்கும் ‘ஒப்புக்கொடுத்தல்’ என்ற பழைய சொல் இருக்கிறதே, அது லத்தீன் வேருக்கு இத்தனை அருகில் நிற்பது எனக்கு எப்போதும் வியப்பு. தன்னை மறுபடி ஒப்புக்கொடுத்தான் என்று எழுதினால் குறைவே இல்லை.

வாக்கியத்தில் அமைப்பது

நாம் தமிழில் ‘படிப்பில் மறுபடி கவனம் செலுத்துகிறேன்’ என்று நினைப்போம். அந்த ‘இல்’ கையைப் பிடித்து இழுத்து, ஆங்கிலத்தில் ‘இன்’ போட வைத்துவிடும். ரீகமிட்டுக்குப் பின்னால் ‘டு’தான் வரும். ஒப்புக்கொடுப்பது என்று நினைத்தால் தானாகச் சரியாகிவிடும்: படிப்புக்கு, பயிற்சிக்கு, குடும்பத்துக்கு. நம் நான்காம் வேற்றுமை நிற்கும் இடத்தில் அவர்களுக்கு ‘டு’.

“ஷீ ரீகமிட்டட் டு ஹெர் ஸ்டடீஸ்.” படிப்பை மறுபடி மனதாரக் கையில் எடுத்தாள். செயலைச் சொல்ல வேண்டுமானால் ‘டு’வுக்குப் பின் வினையோடு ‘இங்’ சேருங்கள்: “ஹீ ரீகமிட்டட் டு டிரெய்னிங் எவ்ரி மார்னிங்.” ‘டு டிரெய்ன்’ என்று எழுதுவதையும் செய்தித்தாள்களில் காணலாம், ஆனால் தேர்வுத் தாளில் ‘இங்’ வடிவமே பாதுகாப்பு. தன்னையே செயப்படுபொருளாகவும் வைக்கலாம்: “தி கிளப் ரீகமிட்டட் இட்செல்ஃப் டு கோச்சிங் கேர்ள்ஸ்.” பெண் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பதை விட்டிருந்த சங்கம் மறுபடி அந்தப் பொறுப்பை ஏற்றது. ‘இட்செல்ஃப்’ இல்லாமலும் வாக்கியம் சரி, இருந்தால் கொஞ்சம் கனம் கூடும். பணத்தையும் ரீகமிட் செய்யலாம், ஒதுக்கிவைத்து நிறுத்திய நிதியை மறுபடி ஒதுக்கும்போது.

‘நவ்’ என்பதை இந்த வினையோடு சேர்க்கலாம். ‘அகெய்ன்’ வேண்டாம், ‘ரீ’ ஏற்கெனவே அந்த வேலையைச் செய்துவிட்டது. மூன்றாம் முறை, நான்காம் முறை என்று எண்ணிச் சொல்லும்போது மட்டும் பொறுத்துக்கொள்ளலாம்.

உச்சரிப்பில் அழுத்தம் கடைசியில், ‘மிட்’ மேல். எழுத்துக்கூட்டலும் அதைப் பொறுத்தே அமைகிறது. அடிச்சொல்லில் சீ ஒன்று, எம் இரண்டு, கடைசியில் நாம் குடிக்கும் டீயின் பெயர்கொண்ட எழுத்து ஒன்று. கடைசி அசையில் அழுத்தம் இருப்பதால் ‘எட்’, ‘இங்’ சேரும்போது டீ இரட்டிக்கும். விசிட் என்ற சொல்லில் அழுத்தம் முதலில் இருக்கிறது, அதனால் விசிட்டட் என்பதில் ஒரே டீ. ‘மெண்ட்’ மெய்யெழுத்தில் தொடங்குவதால் ரீகமிட்மெண்ட் என்பதில் டீ இரட்டிக்காது. பரிந்துரைப்பது என்ற பொருள் தரும் ரெகமெண்ட் என்ற சொல்லிலும் சீ ஒன்று, எம் இரண்டு. ஒன்றைச் சரியாக எழுதத் தெரிந்தவருக்கு மற்றதும் வரும்.

நடுவில் சிறுகோடு இட்டு எழுதுவது பழைய அச்சில் உண்டு, சட்ட ஆவணங்களில் இன்றும் தென்படும். இன்றைய அகராதிகள் கோடில்லாமல்தான் தருகின்றன. ரிசைன் என்ற சொல்லில் அப்படி விட்டுவிட முடியாது: கோடில்லாவிட்டால் ராஜினாமா, கோடிருந்தால் மறுபடி கையெழுத்து. ரீகமிட்டில் அந்தச் சிக்கல் இல்லை. பெயர்ச்சொல்லில் மட்டும் ஒரு பிரிவு பார்த்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு வரும்போது ரீகமிட்மெண்ட் என்றே எழுதுங்கள், ரீகமிட்டல் என்ற வடிவம் பெரும்பாலும் மசோதா குழுவுக்குத் திரும்பும்போது வருவது.